மண் எங்கட, வெயில் எங்கட, பளிங்கு ஆற்ற?

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எங்கட வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வரும். சூரிய சக்தியில் புரட்சியாம், சிலிக்கன் காலம் முடிஞ்சுதாம், சுவரில் பெயின்ட் மாதிரிப் பூசினால் கரண்ட் வருமாம். அந்த அதிசயப் பொருளின் பெயர் பெரோவ்ஸ்கைட். கீழே யாராவது ஒருவர் எழுதுவார்: "இதுக்குத் தேவையான தைத்தேனியம் முழுக்க எங்கட புல்மோட்டையிலதான் கிடக்கு. அடுத்த டுபாய் நாங்கள்தான்." அதற்கு நாற்பது கைதட்டல் விழும். கேள்வி ஒன்றுகூட வராது.

இந்தக் கட்டுரை அந்த நாற்பது கைதட்டலுக்கு எதிரானது. பெரோவ்ஸ்கைட்டுக்கு எதிரானது அல்ல, சூரிய சக்திக்கு எதிரானதும் அல்ல. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டில் மெழுகுதிரி வைத்துப் படித்த தலைமுறை நாங்கள். நுரைச்சோலை மாதிரி இன்னொரு நிலக்கரி ஆலை எங்கட குடாவில் வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் நாங்கள்தான். ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு, லிங்கநகரில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி இதை எழுதுகிற எங்களுக்கு, ஒரு பளிங்கைப் பற்றிய செய்தி வெறும் விஞ்ஞானச் செய்தியாகத் தெரியவில்லை. எங்களுக்கு வடக்கே தைத்தேனிய மணல். தெற்கே, குடாவுக்கு அந்தப் பக்கம், சம்பூரில் சோலார் பூங்கா. நடுவில் காணியைப் பறிகொடுத்த விவசாயிகள். மணல், வெயில், காணி மூன்றும் எங்கட மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் அந்தப் பளிங்கு ஆற்ற கையில் இருக்கிறது என்று கேட்கவேண்டியவர்களும் நாங்கள்தான்.

"நீங்கள் கலைப்பீடம், உங்களுக்கு ஏன் பௌதிகவியல்?" என்று கேட்கிறவர்களுக்குக் கடைசியில் பதில் இருக்கிறது. முதலில் பளிங்கைப் பார்ப்போம்.

பெரோவ்ஸ்கைட் என்றால் என்ன?

1839 இல் ஜேர்மனியக் கனிமவியலாளர் குஸ்தாவ் றோஸ், ரஷ்யாவின் ஊரல் மலையிலிருந்து வந்த ஒரு கல்லை ஆராய்ந்தார். கல்சியம், தைத்தேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்த கனிமம். அதற்கு லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரபுவின் பெயரை வைத்தார்கள். பெரோவ்ஸ்கி அந்தக் கல்லைக் கண்டுபிடிக்கவும் இல்லை, தோண்டவும் இல்லை. தோண்டியவரின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கதை அங்கேயே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தப் பெயர் ஒரு தனிக் கல்லைத் தாண்டி, ஒரு கட்டமைப்புக்கே பெயராகிவிட்டது. எட்டு முகமுள்ள சின்னச் சின்னக் கூடுகள் முனைக்கு முனை தொட்டுக்கொண்டு நாலா பக்கமும் அடுக்கப்பட்டிருப்பதாக நினையுங்கள். ஒவ்வொரு கூட்டின் நடுவிலும் ஒரு சின்ன அணு. கூடுகளுக்கு இடையில் வருகிற பெரிய ஓட்டையில் ஒரு பெரிய அணு. அவ்வளவுதான். அளவு பொருந்தினால் பெரிய அணுவை மாற்றலாம், சின்ன அணுவை மாற்றலாம், கூட்டைக் கட்டுகிற ஒட்சிசனுக்குப் பதிலாக அயடீன் வைக்கலாம். எது பொருந்தும், எது பொருந்தாது என்பதற்கு 1926 இல் விக்டர் கோல்ட்ஷ்மிட் ஒரு எளிய கணக்குச் சூத்திரம் கொடுத்தார். அணுவை மாற்ற மாற்ற, அதே கட்டமைப்பில் வேறு வேறு குணமுள்ள பொருட்கள் வருகின்றன.

இது எங்கோ ஆய்வுகூடத்தில் மட்டும் இருக்கிற சாமானும் இல்லை. நீங்கள் இதை வாசிக்கிற போனுக்குள் நூற்றுக்கணக்கான குட்டிக் கொள்ளளவிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது பேரியம் தைத்தனேற்று, ஒரு பெரோவ்ஸ்கைட். அதன் பளிங்குக் கட்டமைப்பை 1945 இல் தெளிவாக்கியவர் ஹெலன் மெகோ என்ற பெண் விஞ்ஞானி. ஆஸ்பத்திரியில் வயிற்றில் வைத்து ஸ்கான் பண்ணுகிற கருவியின் தலையிலும், காஸ் அடுப்பு பற்றவைக்க 'டிக்' என்று அமத்துகிற லைட்டரிலும், எங்கட கடலோடிகள் வள்ளத்தில் பூட்டியிருக்கிற மீன் பார்க்கிற கருவியிலும் பொதுவாக இருப்பது ஈயம், சிர்க்கோனியம், தைத்தேனியம் சேர்ந்த இன்னொரு பெரோவ்ஸ்கைட். அமத்தினால் மின் பிறக்கும், மின் கொடுத்தால் அதிரும். கடலுக்குள் ஒலியை அனுப்பித் திரும்பிவருவதைப் பிடிப்பது அந்த அதிர்வுதான். இதை எல்லாம் விடுங்கள், பூமிக்குள்ளேயே மிக அதிகமாக இருக்கிற கனிமம் இந்தக் கட்டமைப்புடையதுதான். பல நூறு கிலோமீற்றர் ஆழத்தில் இருக்கிற அந்தக் கனிமத்துக்கு 2014 இல்தான் பிரிட்ஜ்மனைற் என்று பெயர் கிடைத்தது.

சூரியக் கலத்துக்கு வந்த பெரோவ்ஸ்கைட் இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி. 2009 இல் ஜப்பானில் சுட்டோமு மியசக்காவின் குழு, ஈயமும் அயடீனும் ஒரு சேதனக் கூறும் சேர்ந்த பெரோவ்ஸ்கைட்டை வைத்து முதன்முதலாக ஒரு சூரியக் கலம் செய்தது. வினைத்திறன் 3.8 வீதம். நிமிடக்கணக்கில் பழுதாகிவிடும். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2012 இல் தென்கொரியாவில் நாம்-கியூ பார்க்கின் குழுவும் ஒக்ஸ்போர்ட்டில் ஹென்றி ஸ்நைத்தின் குழுவும் உள்ளே இருந்த திரவத்தை அகற்றித் திண்மக் கலமாகச் செய்தன. வினைத்திறன் 10 வீதத்தை எட்டியது. இன்று தனிப் பெரோவ்ஸ்கைட் கலம் ஆய்வுகூடத்தில் 26 வீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கனுக்கு மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கிய இரட்டைக் கலம், 2025 இல் சீனாவின் லொங்கி நிறுவனத்தின் கையில் 34.85 வீதத்தைத் தொட்டது. தனிச் சிலிக்கன் கோட்பாட்டளவிலேயே 29 வீதத்துக்குச் சற்று மேல் போக முடியாது. சிலிக்கனை உருக்க 1400 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். இதையோ கரைசலாக்கிப் பூசி, நூற்றுச் சொச்சம் பாகையில் உலர்த்தினால் போதும். 2024 செப்டெம்பரில் ஒக்ஸ்போர்ட் பீவீ நிறுவனம் இரட்டைக் கலப் பனல்களை முதன்முதலாக விற்பனைக்கு அனுப்பியது.

ஆகவே வட்ஸ்அப் செய்தி முழுப்பொய் இல்லை. புரட்சி நடக்கிறது. எங்கட சண்டை அதற்குக் கீழே வருகிற "அடுத்த டுபாய்" என்ற வரியோடுதான்.

இரண்டு உரப்பை மணல்

புல்மோட்டைக் கரையில் கறுப்பாக மினுங்குகிற மணலில் இல்மனைற், றூட்டைல், சிர்க்கோன், கொஞ்சம் மொனசைற் எல்லாம் கலந்திருக்கின்றன. உலகத்திலேயே கனிமச் செறிவு மிக்க கரைகளில் அது ஒன்று. வாடைக்காற்றுக் காலத்தில் கடல் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். 1957 இல் அரச கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் நிறுவனம். 1997 இல் இல்மனைற் ஏற்ற வந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் அந்தக் கரையில் வைத்தே கடற்புலிகளால் தாக்கப்பட்டது. யுத்தகாலத்திலும் இந்த மணலை ஏற்றக் கப்பல் வந்தது என்றால் அதன் பெறுமதியை யோசித்துப் பாருங்கள்.

இப்போது கணக்குப் பார்ப்போம். பெரோவ்ஸ்கைட் கலத்தில் தைத்தேனியமீரொட்சைட்டுக்கு வேலை உண்டு. ஒளி பட்டுக் கிளம்புகிற இலத்திரன்களை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிற மெல்லிய படை அது. அதன் தடிப்பு ஏறத்தாழ 50 நனோமீற்றர். ஒரு சதுர மீற்றர் பனலில் அந்தப் படையின் நிறை எவ்வளவு? கனவளவை அடர்த்தியால் பெருக்குங்கள். 0.2 கிராம். சோத்துக்குப் போடுகிற ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு.

25 வீத வினைத்திறன் என்று எடுத்தால், 50 மெகாவொற்றுக்கு இரண்டு லட்சம் சதுர மீற்றர் பனல் வேண்டும். அதற்குத் தேவைப்படும் தைத்தேனியமீரொட்சைட்டு மொத்தம் 40 கிலோ. ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. அதாவது, சம்பூரில் வரப்போகிற முதல் கட்டம் முழுவதையும் பெரோவ்ஸ்கைட்டில் செய்தாலும், ஒரு சீமெந்துப் பை நிறையக்கூட எங்கட தைத்தேனியம் தேவைப்படாது. இல்மனைற்றில் பாதிக்குச் சற்று அதிகம்தான் தைத்தேனியமீரொட்சைட்டு என்பதால், மணலாகப் பார்த்தால் இரண்டு உரப்பை. ஒரு டிப்பரில் ஏற்றினால் அடியில் தெரியாது. போதாக்குறைக்கு, பல ஆய்வுகூடங்கள் தைத்தேனியத்தை விட்டுவிட்டு வெள்ளீய ஒட்சைட்டைப் பாவிக்கத் தொடங்கிவிட்டன.

அப்படியென்றால் கப்பல் கப்பலாகப் போகிற மணல் எங்கே போகிறது? உலகத்தில் தோண்டப்படுகிற தைத்தேனியக் கனிமத்தில் மிகப் பெரும் பகுதி வெள்ளை நிறமி ஆகிறது. சுவருக்குப் பூசுகிற பெயின்ட், கடதாசி, பிளாஸ்ரிக், பற்பசை, வெயிலுக்குப் பூசுகிற கிறீம். எங்கட கறுப்பு மணல் வெளிநாடு போய் வெள்ளையாகி, பெயின்ட் வாளியாகத் திரும்பி வருகிறது. கூலியாக எங்களுக்கு மிஞ்சுவது மணல் விலை.

இதற்கு வழமையான பதில், "அப்ப இங்கேயே பெக்டரி போடுங்கோ" என்பது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இல்மனைற்றை நிறமியாக்கும் பழைய முறையில் சல்பூரிக்கமிலம் ஊற்றுவார்கள். நிறமியைவிடக் கழிவுதான் அதிகம் வரும், அமிலமும் இரும்புச் சல்பேற்றும் கலந்த கழிவு. அதைக் குச்சவெளிக் கடலில் விட்டால் கரைவலை இழுக்கிறவன் எங்கே போவான்? மணல் அள்ளுவதற்கு எதிராகக் கொக்கிளாய் மக்கள் குரல் கொடுத்தபோது அதை "அபிவிருத்திக்கு எதிர்ப்பு" என்று சொன்னவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கட வாதம் இதுதான். பெரோவ்ஸ்கைட் காலத்தில் மணலின் நிறையில் காசு இல்லை. 40 கிலோ தூளை 50 நனோமீற்றர் தடிப்பில் இரண்டு லட்சம் சதுர மீற்றருக்கு ஓட்டை விழாமல் பூசத் தெரிந்த மூளையில்தான் காசு இருக்கிறது. மணல் இருப்பதால் பணக்காரராவோம் என்கிறவர்களும், மணலை அப்படியே ஏற்றி அனுப்பினால் போதும் என்கிறவர்களும் செய்கிற தவறு ஒன்றுதான். இரண்டு பேரும் எங்களை மண் என்று மட்டுமே பார்க்கிறார்கள்.

அந்த மூளை இங்கே இல்லையா?

இருந்தது. இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

பெரோவ்ஸ்கைட் கலத்தின் தாய் வீடு, சாயம் பூசிய தைத்தேனியமீரொட்சைட்டுக் கலம். 1991 இல் சுவிற்சர்லாந்தில் கிரெட்செல் குழு அதைப் பிரபலமாக்கியது. அதன் பெரிய குறை உள்ளே இருந்த திரவம். ஒழுகும், ஆவியாகும். அந்தத் திரவத்தை எடுத்துவிட்டு, செம்பு அயடைட்டு என்ற திண்மத்தை வைத்து வேலை செய்கிற கலம் ஒன்றை 1995 இல் வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? கண்டியில், அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இருந்த கீர்த்தி தென்னக்கோனும் அவரது குழுவினரும். 2012 இல் பெரோவ்ஸ்கைட்டை உலகத்துக்குக் கொண்டுவந்த திருப்பமும் திரவத்தை எடுத்துத் திண்மமாக்கியதுதான். அந்தத் திசையில் முதலில் நடந்தவர்களில் சிலர் எங்கட நாட்டில், ஹந்தானை மலையடியில் இருந்தார்கள். எங்கட உயர்தரப் புத்தகம் எதிலாவது அந்தப் பெயரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல்துறையில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ரவிராஜனும் அவரது மாணவர்களும் பல ஆண்டுகளாகத் தைத்தேனியமீரொட்சைட்டை அடிப்படையாக வைத்துச் சூரியக் கலங்களை ஆராய்கிறார்கள். நோர்வேயில் இருக்கிற பேராசிரியர் தயாளன் வேலாயுதபிள்ளையோடு சேர்ந்து மாணவர்களை அங்கும் இங்கும் அனுப்பி ஆய்வு நடக்கிறது. தமிழ்மொழியில் பாடசாலை முடித்த பிள்ளைகள் இந்தத் துறையில் உலகச் சஞ்சிகைகளில் எழுதுகிறார்கள். அதைப் பற்றி ஒரு பந்தி தமிழில் தேடிப் பாருங்கள். கிடைப்பது "ஈழத்தமிழன் சாதனை" என்ற தலைப்பும் மாலை போட்ட படமும்தான். அவர் என்ன செய்தார் என்பது மட்டும் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மியசக்கா வேலை செய்த இடம் டோக்கியோப் பல்கலைக்கழகம் இல்லை. யோக்கொஹாமாவில் இருக்கிற சின்னத் தனியார் பல்கலைக்கழகம், தோயின். பெரோவ்ஸ்கைட்டைப் போட்டுப் பார்ப்போம் என்று அந்த ஆய்வைச் செய்தவர் அக்கிஹிரோ கொஜிமா என்ற மாணவர். பெரிய பெயர், பெரிய கட்டடம் இருந்தால்தான் விஞ்ஞானம் என்று நினைக்கிற எங்கட புத்திக்கு இது ஒரு அடி. ஒரு மாணவன் "இதைப் போட்டுப் பார்ப்பமா?" என்று கேட்கவும், கேட்டால் "சோதினைக்கு வராததை விட்டுட்டுப் படி" என்று சொல்லாத ஆசிரியர் ஒருவர் இருக்கவும் வேண்டும். மணல் இருக்கிற எங்கட மாவட்டத்தில் அந்த இரண்டும் சேருகிற இடங்கள் எத்தனை?

முப்பது ஏக்கர்

இனிக் காணிக்கு வருவோம். உண்மையான சண்டை இங்கேதான்.

சம்பூர் மக்கள் 2006 இல் குண்டுவீச்சில் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அந்தக் காணி உயர்பாதுகாப்பு வலயமானது. பிறகு இந்தியாவின் என்ரிபிசி நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து அங்கே 500 மெகாவொற் நிலக்கரி ஆலை கட்டப் போவதாக 2011 இல் ஒப்பந்தம் வந்தது. மக்கள் முகாம்களில் பல வருடம் இருந்தார்கள். போராடி, வழக்காடி, 2015, 2016 இல் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. நிலக்கரித் திட்டம் 2016 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. அதே இரண்டு தரப்பும் சேர்ந்து அதே சம்பூரில் இப்போது சோலார் போடுகின்றன. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பில் இருந்தபடியே காணொளி மூலம் அதைத் தொடக்கிவைத்தார்கள்.

அதே ஆண்டில், சீனக்குடாவுக்குக் கிட்ட முத்துநகரில், காலங்காலமாக வயல் செய்த விவசாயிகளிடம் "இது துறைமுக அதிகார சபைக் காணி" என்று சொல்லி, சூரிய மின் திட்டங்களுக்காக அவர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கொழும்புக்கும் போய் நின்றார்கள். நிலக்கரி வந்தால் கறுப்பு, சோலார் வந்தால் பச்சை. வெளியே நிற்கிறவன் முகத்தில் எந்த நிற மாற்றமும் இல்லை.

இங்கேதான் பெரோவ்ஸ்கைட்டை நாங்கள் சீரியஸாக எடுக்கச் சொல்கிறோம். இன்று சந்தையில் இருக்கிற சிலிக்கன் பனலின் வினைத்திறன் 21 வீதம் என்று வையுங்கள். இரட்டைப் பளிங்குப் பனல் 30 வீதம் வந்துவிட்டால், நூறு ஏக்கரில் எடுக்கிற மின்சாரத்தை எழுபது ஏக்கரில் எடுக்கலாம். முப்பது ஏக்கர் மிச்சம். ஆய்வுகூடத்தில் ஒரு மாணவி தன் கலத்தின் வினைத்திறனை ஒரு வீதம் கூட்டப் பாடுபடுகிறாள் என்றால், முத்துநகரில் அது சில வயல் துண்டு. விஞ்ஞானச் செய்தியை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஆனால் அந்த முப்பது ஏக்கரை யார் திருப்பித் தருவார்கள்? பனல் திறமானால் கொம்பனி காணியைக் குறைக்குமா, அல்லது அதே நூறு ஏக்கரில் இன்னும் அதிக மின்சாரம் எடுத்து இன்னும் அதிகம் விற்குமா? எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மிச்சம் வருகிற காணி மக்களுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாதவரை, எந்தப் பளிங்கும் ஒரு வரப்பைக்கூட மீட்காது. தொழில்நுட்பம் வாய்ப்பைத் தரும். அந்த வாய்ப்பு ஆருக்கு என்பதைச் சட்டமும் சண்டையும்தான் தீர்மானிக்கும்.

"காணி இல்லாமல் எப்படி சோலார் போடுறது?" என்று கேட்பார்கள். கூரையில் போடலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, களஞ்சியம், தொழிற்சாலை, கச்சேரி என்று எங்கட மாவட்டத்தில் வெயில் காய்கிற கூரைக்குக் குறைவா? ஆனால் கூரைக்காரன் பட்ட பாட்டையும் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்க கரண்ட் போனபோது முதலில் குற்றவாளியானது பாணந்துறையில் ஒரு குரங்கு. அடுத்த குற்றவாளி சோலார். ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறையில் மின் பாவனை குறையும் என்பதால், கூரையில் சோலார் போட்டவர்களிடம் பகலில் அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அதாவது நாட்டின் பிரச்சினை பனல் போதாமல் இருப்பது அல்ல. பகலில் வருகிற மின்சாரத்தைச் சேமிக்கப் பற்றரி இல்லை, தாங்குகிற மின் வலையமைப்பு இல்லை. அதைச் சரிசெய்யாமல் வயலில் பனல் விரிப்பது, கிணற்றுக்குக் கட்டு இல்லாமல் இன்னும் ஆழமாகத் தோண்டுகிற வேலை.

ஈயத்தை மறைக்காதீர்கள்

பெரோவ்ஸ்கைட் ஆதரவாளர்கள் மெல்லமாகச் சொல்கிற விஷயம் ஒன்று உண்டு. இன்று வெற்றிபெற்ற கலங்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது. அரை மைக்ரோமீற்றர் தடிப்புள்ள படையில், சதுர மீற்றருக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. நாங்கள் போட்ட 50 மெகாவொற் கணக்கில் மொத்தம் 140 கிலோ அளவில் வரும். "ஒரு வாகன பற்றரியிலேயே பத்துக் கிலோ ஈயம் இருக்கு, இதுக்கு ஏன் சத்தம்?" என்று சொல்வார்கள். கணக்கு சரி. பதினாலு பற்றரிதான்.

ஆனால் பற்றரி ஈயம் பெட்டிக்குள் இருக்கும், பழசானால் காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் வருவான். இந்த ஈயம் தண்ணீரில் கரையக்கூடிய உப்பாக, மெல்லிய படையாக இரண்டு லட்சம் சதுர மீற்றருக்குப் பரவிக் கிடக்கும். இந்தப் பளிங்கின் முதல் எதிரி ஈரம். சிலிக்கன் பனல் 25, 30 வருடம் நிற்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். பெரோவ்ஸ்கைட் இன்னும் அங்கே வரவில்லை. உப்புக்காற்றும் வாடை மழையும் அடிக்கிற கொட்டியாரக் குடாவில், 1978, 2004 எல்லாம் பார்த்த இந்தக் கரையில், கண்ணாடி உடைந்தால் கரைந்து ஓடுவது எங்கே? வயலுக்குள், குளத்துக்குள், குடாவுக்குள்.

ஈயத்தைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கிற வழிகளையும், ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போடுகிற வழிகளையும் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். நல்லது. எங்கட கேள்வி விஞ்ஞானியிடம் அல்ல, ஒப்பந்தம் எழுதுகிறவரிடம்: உடைந்த பனலை யார் அள்ளுவது? இருபது வருடம் கழித்துக் கொம்பனி கலைந்துபோனால் யார் பொறுப்பு? பணக்கார நாடுகள் புதுப் பனலுக்கு மாறும்போது, பழசும் அரைகுறையும் "நன்கொடை" என்ற பெயரில் இங்கே வந்து இறங்காது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை?

உயர்தரத்தில் பிரிவு பிரிக்கிறபோதே எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்: கணக்கு ஓடுகிறவன் விஞ்ஞானம், மற்றவன் கலை. அதன் விளைவு என்ன? விஞ்ஞானம் படித்தவனுக்கு வினைத்திறன் தெரியும், சம்பூரின் கதை தெரியாது. கலை படித்தவனுக்குச் சம்பூரின் கதை தெரியும், 0.2 கிராம் தெரியாது. இரண்டு பேரும் சந்திக்காத இடத்தில்தான் மணலும் காணியும் கைமாறுகின்றன. இந்தக் கட்டுரையில் நாங்கள் போட்ட கணக்கு முழுக்கப் பெருக்கலும் வகுத்தலும். சாதாரணதரக் கணிதம் போதும். அதைக்கூட யாரும் எங்களுக்காகத் தமிழில் போட்டுத் தரவில்லை. தமிழில் விஞ்ஞானம் ஒன்றில் சோதினை நோட்ஸாக இருக்கிறது, இல்லாவிட்டால் அதிசயச் செய்தியாக இருக்கிறது. வாதம் செய்கிற விஞ்ஞானம் இல்லை.

ஆகவே வேலையைத் தொடங்குகிறோம். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. நாட்டுக் குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நாங்கள் கேட்கப்போவது நாலு விஷயம். கடந்த பத்து வருடத்தில் புல்மோட்டையிலிருந்து எவ்வளவு இல்மனைற், என்ன விலைக்கு, எந்த நாட்டுக்குப் போனது. அந்தக் காசில் குச்சவெளிப் பிரதேசத்துப் பாடசாலைகளுக்கும் கரைக்கும் எவ்வளவு திரும்பி வந்தது. மாவட்டத்தில் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுத்த காணிகள் எவை, எத்தனை வருடக் குத்தகை, அதில் வயல் எவ்வளவு. பனல் பழுதானால் அகற்றுவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா.

பதில் மூன்று மொழியில் எதில் வந்தாலும் இங்கே தமிழில் போடுவோம். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் திகதியோடு போடுவோம். புல்மோட்டை, குச்சவெளி, மூதூர், முத்துநகர்ப் பக்கம் இருக்கிறவர்கள், குறிப்பாகப் பௌதிகவியலோ இரசாயனமோ படிக்கிறவர்கள், எங்களோடு சேருங்கள். எங்கட கணக்கில் பிழை இருந்தால் திருத்துங்கள். அடுத்த தடவை அந்த வட்ஸ்அப் செய்தி வரும்போது, கைதட்டுகிற நாற்பது பேரில் ஒருவராவது "எத்தனை ஏக்கர்?" என்று கேட்கட்டும்.